45,000 ரூபாய் ஆம்ப்ளிஃபயரும் ஒரு வெள்ளைத்தாள் கணக்கும்



பதிவு நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் பத்து நிமிஷம் உட்கார வைத்தவன் நான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் கேட்டான்: "சார், நீங்க வச்சிருக்கிற அதே பிளானர் ஹெட்போன் நானும் வாங்கிட்டேன். ஆனா பாட்டுல வரி தெளிவா கேக்கல, சத்தமும் பத்தல. ஆம்ப்ளிஃபயர் இல்லாததுதான் காரணமாம். 45,000 ரூபாய்க்கு ஒண்ணு சொல்றாங்க. மாசத் தவணை இருக்கு. எடுக்கலாமா சார்?"

அவன் வேலை பார்ப்பது விசைத்தறிக் கூடத்தில். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் பிளஸ் ஒன். மாதத் தவணை அவனுக்கு என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவன் வாங்கிய பைக்குக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. பதிவு போடலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அவனுக்கு இரண்டு வரியில் "வேண்டாம்டா" என்று போட்டிருக்கலாம். ஆனால் மூன்று மாதத்தில் இதே மாதிரி கேட்ட நாலாவது ஆள் அவன். நாலு பேரும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்: பிளானர் என்றால் பெரிய ஆம்ப் வேண்டும், வெள்ளிக் கேபிள் வேண்டும், 200 மணி நேரம் ஓடவிட்டுப் பழக்க வேண்டும், உயர்தரக் கோப்புகளை மாதச் சந்தா கட்டிக் கேட்க வேண்டும். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் ஏதோ ஒரு வீடியோ. வீடியோவுக்குக் கீழே வாங்குவதற்கான சுட்டி. அந்தச் சுட்டியை அமுக்கி நீங்கள் வாங்கினால் வீடியோக்காரருக்கு ஒரு பங்கு போகிறது. அவர் உங்களுக்கு "ஒன்றும் வாங்கத் தேவையில்லை" என்று சொல்வார் என்று எதிர்பார்ப்பது, நகைக்கடை வாசலில் நின்றுகொண்டு தங்கம் வாங்கலாமா என்று கேட்பது மாதிரி.

நான் பொறியாளன் இல்லை. இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 36 வருஷம் அறிவியலும் கணக்கும் நடத்தியவன். இந்த விஷயத்துக்கு எட்டாம் வகுப்பு அறிவியலும், கொஞ்சம் மடக்கைக் கணக்கும் போதும். அதைத்தான் இன்று போடப்போகிறேன்.

முதலில் பொருள் என்னவென்று தெரியாத உறவினர்களுக்காக. என் மணிவிழாவுக்கு 1994 பேட்ச் பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த ஹெட்போன் இது. சாதாரண ஹெட்போனில் குட்டி ஸ்பீக்கர் இருக்கும். கம்பிச்சுருள் ஒன்று கூம்பின் கழுத்தைப் பிடித்துத் தள்ளும், மீதிப் பகுதி அதன் பின்னாலேயே வரவேண்டும். பிளானரில் சுருள் கிடையாது. முடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதன் மேல் கோலம் போட்ட மாதிரி உலோகத் தடம், பக்கத்தில் வரிசையாகக் காந்தங்கள். தடத்தில் மின்சாரம் ஓடினால் சவ்வு கிட்டத்தட்ட முழுவதுமாக ஒரே நேரத்தில் அசையும். ஒரு விரலால் கதவைத் தள்ளுவதற்கும் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். ஓப்பன் பேக் என்றால் காதுக்கூட்டின் வெளிப்புறம் மூடாமல் கம்பிவலையாக இருக்கும். உள்ளே பாடுவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். வீட்டில் கூப்பிட்டால் எனக்குக் கேட்கிறது. இது வசதியா இல்லையா என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது.

இது ஏதோ நேற்று வந்த தொழில்நுட்பம் என்று விற்கிறார்கள். யமஹா 1976-லேயே ஹெச்பி-1 என்ற ஹெட்போனை இதே முறையில் செய்து விற்றது. ஓப்பன் பேக் அதற்கும் முந்தியது, சென்ஹைசரின் ஹெச்டி 414 வந்தது 1968-ல். எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் தெருவுக்கே ஒரு வால்வு ரேடியோதான்.

சரி, பேனாவை எடுங்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும்.

என் ஹெட்போன் அட்டையில் போட்டிருப்பது: 91 டெசிபல், 32 ஓம். அதாவது ஒரு மில்லிவாட் மின்திறன் கொடுத்தால் 91 டெசிபல் சத்தம் வரும். ஒரு மில்லிவாட் என்பது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திறனைப் பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும், இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும். இந்த இரண்டு வரி தெரிந்தால் கடைக்காரர் உங்களை ஏமாற்ற முடியாது.

வீட்டில் நிதானமாகப் பாட்டுக் கேட்கும்போது சராசரி 70, 75 டெசிபல் இருக்கும். தவிலோ மிருதங்கமோ ஓங்கி விழும் கணத்துக்கு அதற்கு மேல் 20 வைத்துக்கொள்வோம், 95 ஆயிற்று. கொஞ்சம் தாராளமாக இன்னும் 10 சேர்த்து 105 என்றே வைப்போம். 105-ல் 91 போனால் 14. பதினான்கு டெசிபல் என்றால் 25 மடங்கு. ஆக 25 மில்லிவாட். 32 ஓமில் 25 மில்லிவாட் செல்ல எத்தனை வோல்ட்? 0.025 பெருக்கல் 32, வரும் 0.8-க்கு வர்க்கமூலம், சுமார் 0.9 வோல்ட். போனில் செருகும் டாங்கிள் கட்டைவிரல் அளவு இருக்கும். ஆயிரம் ரூபாய் சுமாருக்கே ஒரு வோல்ட் தருகிற நல்ல டாங்கிள்கள் கிடைக்கின்றன.

கணக்கு முடிந்தது. என் மாணவனுக்கு விற்கப் பார்த்த ஆம்ப் 2 வாட் தருமாம். 2,000 மில்லிவாட் என்றால் 33 டெசிபல். 91-ஓடு கூட்டினால் 124. அது பாட்டுக் கேட்கிற அளவா? அந்தச் சத்தத்தில் காது வலிக்கும். குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டவனுக்கு வீராணம் ஏரியைத் தவணையில் விற்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சில கம்பெனிகள் டெசிபலை மில்லிவாட்டுக்குச் சொல்வார்கள், சிலர் வோல்ட்டுக்குச் சொல்வார்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு ஒரு வோல்ட் என்பது 31 மில்லிவாட். ஆகவே ஒரே ஹெட்போனை ஒருவர் 91 என்றும் இன்னொருவர் 106 என்றும் எழுதலாம், இரண்டும் பொய் இல்லை. அலகு பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். விடைத்தாளில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? அப்போது திட்டினீர்கள்.

எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். எல்லா பிளானருக்கும் டாங்கிள் போதும் என்று நான் சொல்லவில்லை. ஹைஃபைமேன் கம்பெனியின் சுஸ்வரா (பெயரைப் பார்த்தால் நம்ம ஊர்ப் பெண்பிள்ளை மாதிரி இருக்கிறது) 83 டெசிபல், 60 ஓம். அதே 105-க்கு அது கேட்பது சுமார் 160 மில்லிவாட், 3 வோல்ட். டாங்கிளால் முடியாது, ஆம்ப் வேண்டும்தான். ஆனால் அந்த ஹெட்போன் வந்தபோது விலை 6,000 டாலர். அதை வாங்குகிறவருக்கு என் ஆலோசனை எதற்கு? நான் பேசுவது பத்து, இருபதாயிரத்துக்குச் சிறுகச் சேர்த்து ஹெட்போன் வாங்கிய நம் பிள்ளைகளைப் பற்றி.

"சத்தம் மட்டுமில்லை சார், ஆம்ப் மாற்றினால் குரலின் நிறமே மாறும்" என்பார்கள். சாதாரணச் சுருள் ஹெட்போன்களில் இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அவற்றின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருக்காது, தாழ்ந்த ஸ்வரங்களில் ஓரிடத்தில் மேடு மாதிரி ஏறும். ஆம்ப்பின் உள்தடை அதிகமாக இருந்தால் அந்த இடத்தில் ஒலி பருத்துவிடும். ஆனால் பிளானரில்? சவ்வின் மேல் இருப்பது வெறும் உலோகக் கோடு. கீழிலிருந்து மேல் வரை 32 ஓம் என்றால் 32 ஓம்தான். ஆகவே, ஆம்ப் மாற்றினால் குரல் மாறும் என்ற வாதம் எந்த ஹெட்போனுக்கு மிகவும் பலவீனமோ, அந்த ஹெட்போனைக் காட்டித்தான் அதிகமாக ஆம்ப் விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இப்போது என் மானம் போகிற பகுதி.

இரண்டு வருஷம் முன்னால் நானும் ஒரு வெள்ளிக் கேபிள் வாங்கினேன். 6,500 ரூபாய். வீட்டில் சொன்னது 650. (இந்தப் பதிவை அவரும் படிப்பார். பரவாயில்லை, உண்மை ஒருநாள் வெளியே வரத்தான் வேண்டும்.) மாட்டியதும் திரை விலகிய மாதிரி இருந்தது. தம்புராவின் ஜீவா ரீங்காரம் தனியாக எழுந்து நின்றது. மூத்த மாப்பிள்ளைக்கு போன் போட்டு அரை மணி நேரம் வர்ணித்தேன். அவரும் மரியாதைக்கு "அப்படியா மாமா" என்று கேட்டுக்கொண்டார்.

கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி, ஒன்பதாம் வகுப்பு, கேட்டாள்: "தாத்தா, கண்ணைக் கட்டிட்டா சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றேன். துண்டால் கண்ணைக் கட்டினாள். ஐந்து ரூபாய்க் காசைச் சுண்டி, தலை விழுந்தால் வெள்ளி, பூ விழுந்தால் பழைய செம்பு. மாற்றாத முறையும் கழற்றிவிட்டு அதையே செருகினாள், சத்தத்தை வைத்து நான் கண்டுபிடிக்கக் கூடாதென்று. அதை நான் சொல்லித்தரவில்லை, அவளாகச் செய்தாள். ஒரே பாட்டின் அதே அரை நிமிஷம், 16 தடவை. நான் சரியாகச் சொன்னது 8. காசே நேரடியாகப் பதில் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்று அவரை விதையை ஈரப்பஞ்சிலும் காய்ந்த பஞ்சிலும் போட்டு 36 வருஷம் காட்டியவன் நான். என் காது விஷயத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் காசு கொடுத்தாயிற்று.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெள்ளி செம்பை விட மின்கடத்துவதில் நூற்றுக்கு ஆறு சதவீதம் போலத்தான் உசத்தி. ஒரு சாதாரண கேபிளின் தடை அரை ஓம் என்றே வைத்தாலும், 32 ஓமுக்கு முன்னால் அதனால் வரும் இழப்பு 0.13 டெசிபல். அதுவும் பிளானரில் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவு இழப்பு, சத்தம் துளி குறையும், அவ்வளவே. அரை ஓமை முழுசாக ஒழித்தாலே இவ்வளவுதான் லாபம் என்றால், அதில் ஆறு சதவீதத்தைக் குறைக்க 6,500 ரூபாய். கேபிள் அறுந்தால் மாற்றுங்கள். உரசும் சத்தம் வந்தால் மாற்றுங்கள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

200 மணி நேரம் ஓடவிட்டுப் பழக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. இரவு பகல் நிறுத்தாமல் ஓடவிட்டாலும் 200 மணி என்பது எட்டு நாளுக்கு மேல். திருப்பி அனுப்பக் கொடுக்கும் கெடு பல இடங்களில் ஏழு நாள். "இப்போ நல்லா இல்லைன்னா கவலைப்படாதீங்க, 200 மணி நேரம் கழிச்சுப் பாருங்க" என்று ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? மெத்தை கொஞ்சம் அமுங்கித் தலைக்குப் படியும், அது உண்மை. மீதி, நம் மூளை பழகிக்கொள்வது. புது மருமகள் கைச் சாம்பார் மாதிரி. சாம்பார் மாறுவதில்லை, நாக்கு மாறுகிறது.

உயர்தரக் கோப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. சிடியில் விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறார்கள். அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி முழுதும் அதற்குள் அடங்கிவிடும். இளவட்டக் காதே 20,000-ல் நின்றுவிடும். என் காதை போனில் உள்ள செயலியால் சோதித்தேன், 9,000 தாண்டியதும் மௌனம். 96,000 முறை அளந்த கோப்பை எனக்கு விற்பது வழுக்கைத் தலைக்குச் சீப்பு விற்பது மாதிரி. சந்தா கட்டினால் எங்கள் வீட்டுப் பூனைக்குத்தான் லாபம். இளவட்டங்களுக்கு மட்டும் ஏதோ கேட்கிறதோ என்றால் அதையும் சோதித்துவிட்டார்கள். அமெரிக்காவில் மேயர், மொரான் என்ற இருவர் 2007-ல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். உயர்தர ஒலியை நேராக ஒரு தடவையும் சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு தடவையும் போட்டுக் காட்டி, 554 தடவை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. என் பேத்தியின் ஐந்து ரூபாய்க் காசு அமெரிக்காவிலும் அதே மாதிரிதான் விழுந்திருக்கிறது.

அப்படியானால் பிளானரில் நல்ல ஒலி கேட்க என்னதான் செய்ய வேண்டும்? இதை யாரும் வீடியோவாகப் போட மாட்டார்கள், ஏனென்றால் இதில் விற்க ஒன்றுமில்லை.

ஃபேனை நிறுத்துங்கள். ஓப்பன் பேக் எதையும் தடுக்காது என்று மேலே சொன்னேன். தலைக்கு மேலே ஃபேன் சுழலும்போது உங்கள் காதில் ஏற்கெனவே 50 டெசிபல் இரைச்சல் விழுந்துகொண்டிருக்கிறது. எம்.டி.ராமநாதன் பாடும்போது கீழே போய் மந்திரத்தில் நின்று அந்தக் குரல் மெல்லக் கரையுமே, அந்தக் கரைகிற பாகம் முழுக்க ஃபேனுக்குப் பலி. சத்தத்தைக் கூட்டினால் அது கேட்கும்தான், ஆனால் ஓங்கிய இடங்களும் கூடவே ஏறிக் காதைக் கெடுக்கும். இரைச்சலைப் பத்து டெசிபல் குறைப்பதும் ஆம்ப் திறனைப் பத்து மடங்காக்குவதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான், ஒன்று இனாம்.

மே மாதத்தில் காவிரிக்கரை ஊரில் ஃபேனை நிறுத்து என்பது லேசான காரியம் இல்லை, தெரியும். அதனால்தான் நான் விடிகாலை நாலரைக்குக் கேட்கிறேன், கோயில் ஒலிபெருக்கி தொடங்குவதற்கு முன்னால். போன ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி புயல் மழை, தெருவெங்கும் மின்வெட்டு. மழை விட்டு, ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, பக்கத்து வீட்டு டிவி சீரியல் இல்லை, மோட்டார் இல்லை. போனில் பேட்டரி 40 சதவீதம் இருந்தது. டாங்கிளைச் செருகி ஒரு பழைய வானொலிக் கச்சேரி போட்டேன். மிருதங்கத்தின் தொப்பியில் விழுந்த அடி எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. இந்த ஹெட்போனில் அதைவிட நன்றாக நான் கேட்டதில்லை. 45,000 ரூபாய் ஆம்ப் அன்றைக்கு இருந்திருந்தால் சுவரில் செருகியபடி செத்துக் கிடந்திருக்கும்.

அடுத்து, மூக்குக்கண்ணாடி. மெத்தை காதைச் சுற்றி முழுவதும் ஒட்டி உட்கார்ந்தால்தான் தாழ்ந்த ஸ்வரம் நிற்கும். கண்ணாடிக் காம்பு ஒரு கோடு அளவு இடைவெளி விட்டாலும் அதன் வழியே முதலில் கசிந்து போவது அடிநாதம்தான். ஒரு கட்டையில் சுருதி வைத்த தம்புராவின் மந்திர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், அந்தத் தந்தி தடிக்கும். அப்புறம் காதை மெத்தைக்குள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து உங்களுக்கு எது சரி என்று கண்டுபிடியுங்கள். அரை விரற்கடை நகர்த்தினால் கேட்கிற மாற்றம் எந்த கேபிளிலும் கேட்காது.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மாட்டாதீர்கள். நம் பெண்பிள்ளைகளுக்கும் என் மச்சானுக்கும் சேர்த்துத்தான். எண்ணெயும் வேர்வையும் ஊறிய மெத்தை ஒரே வருஷத்தில் உரியும், உரிந்தால் ஒட்டாது, ஒட்டாவிட்டால் மேலே சொன்ன அடிநாதம் போச்சு. கேட்டு முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். காந்தம் பலமானது, குண்டூசி, இரும்புத் தூள் இருக்கும் மேஜையில் வைக்காதீர்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கும் சித்தப்பாவுக்குத் தனியாகச் சொல்கிறேன்: இதைக் கழுத்தில் மாட்டி மார்பில் தொங்கவிடக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பிறகு ஈக்வலைசர். இதைச் சொன்னால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். கலைஞர் கொடுத்த ஒலியைத் திருத்துவது பாவமாம். ஏம்பா, உன் ஹெட்போனே அதைத் திருத்தித்தானே உன் காதுக்குக் கொடுக்கிறது? எந்த ஹெட்போனும் நேர்கோடு இல்லை. ஓப்பன் பேக் பிளானர்களில் பொதுவாகக் கீழ்க்கோடியில் கொஞ்சம் மெலிந்திருக்கும், மேலே எங்காவது ஓர் இடத்தில் முள் மாதிரி குத்தும். சவ்வு முழுதும் சேர்ந்து அசைவதால் கீழே ஏற்றிக்கொடுத்தாலும் பிளானர் திணறாமல் தாங்கும். அந்தக் குணத்துக்குத்தான் இதை வாங்குகிறோம், வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்த மாட்டேன் என்றால் எப்படி? ஆண்ட்ராய்டில் வேவ்லெட், கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ, இரண்டையும் காசில்லாமல் இறக்கலாம். உங்கள் மாடலை யாராவது அளந்து திருத்தம் போட்டிருப்பார்கள், அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றி, 2,000 பக்கம் இருந்த பள்ளத்துக்கு 2 கொடுத்து வைத்திருக்கிறேன். முக்கியமானது: எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவை மொத்த அளவில் முதலிலேயே இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓங்கிய இடத்தில் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், உடனே "ஆம்ப் பத்தல" என்று கிளம்பிவிடுவீர்கள்.

பதிவு எப்படியோ அப்படித்தான் ஒலியும். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டில் மேளத்தோடு சேர்ந்து ஊசி தேய்ந்த சத்தமும் இருக்கிறது, பிளானர் இரண்டையும் ஒரே மரியாதையோடு காட்டும். இளையராஜா 2005-ல் புடாபெஸ்ட் சிம்பனிக் குழுவோடு செய்த திருவாசகத்தைப் போட்டுப் பாருங்கள், தந்தி வாத்தியங்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியும். ஹெட்போன் நல்லதா என்று பார்க்க ஒரு நல்ல பதிவு போதும். கெட்ட பதிவைத் திருத்த எந்த ஹெட்போனும் போதாது.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம், முன்னூறு ரூபாய் இயர்போன் போதாதா?" என்று கேட்ட மச்சானுக்கும் பதில் சொல்ல வேண்டும். 9,000-க்கு மேல் கேட்காதவனுக்கும் 9,000-க்குக் கீழே ஒரு பெரிய உலகம் இருக்கிறது மச்சான், வீணையின் எல்லாத் தந்திகளும் மேளகர்த்தா ராகங்கள் 72-ம் அதற்குள்தான் இருக்கின்றன. முன்னூறு ரூபாய் இயர்போன் போதும் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. போதாது என்பவனிடம் 45,000 பிடுங்குகிறவரோடுதான் சண்டை.

இனி என் மாணவன் விஷயம். இதற்காகத்தான் இத்தனையும்.

கணக்குப்படி அவன் டாங்கிளிலேயே 105 டெசிபல் வர வேண்டும். அவனோ சத்தம் பத்தவில்லை என்கிறான். போன் பண்ணினேன். ஒலியளவு எதில் வைத்திருக்கிறாய் என்றேன். "முழுசா சார்." ஈக்வலைசர் ஏதாவது? இல்லை. டாங்கிளை அவன் மகளிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை மாட்டிய வேகத்தில் கழற்றிவிட்டு "ஐயோ அப்பா, காது போச்சு" என்றது எனக்கு போனிலேயே கேட்டது.

சத்தம் கேட்கிறது, வரி மட்டும் தெளிவாகப் புரியவில்லை என்று அவன் சொன்னதை நான் முதலில் கவனிக்கவில்லை. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. ச, ட, த, ஸ போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் 2,000-க்கு மேலே இருக்கிறது. இயந்திர இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் காதைத்தான். அப்படிப் பழுதான காதுக்கு ஆ, ஓ எல்லாம் கேட்கும், சொல் மட்டும் புரியாது. "இப்பல்லாம் பாட்டுக்காரங்க வாய்க்குள்ளயே பாடுறாங்க" என்று அவன் சொன்னான்.

தறிக்கூடத்தில் இருபது வருஷம். தறிகள் ஓடும் கூடத்தில் 90 டெசிபலுக்குக் குறையாது. உலகச் சுகாதார நிறுவனம் பாட்டுக் கேட்பவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90-க்குப் போட்டுப் பாருங்கள், வாரத்துக்கு 4 மணி நேரம். அவனுடைய ஒரு வாரப் பங்கு திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு அந்தத் தேய்ந்த காதில் முழு ஒலியளவில் ராத்திரிப் பாட்டு. அதற்கு மேல் 2 வாட் ஆம்ப்.

அதை விற்க வந்தவர், அது எந்தக் கடையாக இருந்தாலும், "தம்பி எங்கே வேலை பார்க்கிறீங்க" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். விற்பனை நடந்திருக்காது.

அவனிடம் நேராகச் சொன்னேன்: ஆம்ப் பற்றிப் பிறகு பேசலாம்டா, முதலில் காதைக் காட்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போய், கேட்புத்திறன் சோதனை எடுக்க வேண்டும் என்று சொல். ஒரு தனி அறையில் உட்கார வைத்து ஒவ்வொரு ஸ்வரமாகக் கொடுத்து வரைபடம் போட்டுத் தருவார்கள். 4,000-ல் பள்ளம் இருக்கிறதா பார். நுரை அடைப்பான் ஜோடி சில பத்து ரூபாய்தான், தறியில் நிற்கும்போது அதை மாட்டு. உள்காதில் போன நரம்பணு திரும்ப முளைக்காது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சார், அடைப்பான் போட்டா நூல் அறுந்தா சத்தம் கேக்காதேன்னு எங்க மேஸ்திரி திட்டுவார்" என்றான். மேஸ்திரிக்கும் கொஞ்சம் காது மந்தம்தானாம்.

வியாழக்கிழமை லீவு போட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். தவணைப் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நம் பிள்ளைகளில் இருவர் நர்ஸாகவும் ஒருவர் ஆடியாலஜிஸ்ட்டாகவும் இருப்பதாக ஞாபகம். கோவை, சேலம், ஈரோடு பக்கம் யார் இருக்கிறீர்கள்? எத்தனை மணிக்குச் சீட்டு வாங்க வேண்டும், எந்த நாள் அந்தச் சோதனை நடக்கும் என்று எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். தறியில், மில்லில், ஜெனரேட்டர் பக்கத்தில் வேலை பார்க்கும் மற்ற பிள்ளைகளும் பாட்டில் வரி புரியவில்லை என்றால் அவனோடு சேர்ந்து போய் வாருங்கள்.

வெள்ளிக் கேபிள் இங்கே அலமாரியில் சும்மா கிடக்கிறது. வேண்டுமென்பவர் வீட்டுக்கு வந்து இனாமாக எடுத்துப் போகலாம். ஒரே நிபந்தனை, கண்ணைக் கட்டிக்கொண்டு 16-க்கு 14 சரியாகச் சொல்ல வேண்டும். காசு சுண்டப் பேத்தி தயாராக இருக்கிறாள்.